பின் சிலிண்டருக்கும் காற்று வேண்டும்

“அக்னி நட்சத்திரம் முடிவதற்குள் நண்பரோடு புல்லட்டில் நெல்லையிலிருந்து ஏற்காடு போக ஆசை. போன வருடம் மதுரை தாண்டுவதற்குள்ளேயே தொடை வெந்துவிட்டது. வழியில் நிறுத்தி இன்ஜின்மேல் ஒரு குடம் தண்ணீர் ஊற்று என்கிறார் ஒரு மெக்கானிக். ஆயில் கூலர் மாட்டு என்கிறார் இன்னொருவர். யார் பேச்சைக் கேட்பது?” என்று வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்.

முதல் ஆள் பேச்சைக் கேட்கவே வேண்டாம், இரண்டாம் ஆள் பேச்சை அப்புறம் கேட்கலாம் என்று ஓர் அஞ்சலட்டையில் பதில் எழுதிவிடலாம். ஆனால் மோட்டார் சைக்கிளின் சூடு எனக்கு நெடுநாளாகப் பிடித்த விஷயம். அதைப் பற்றிப் பேசச் சாக்கு கிடைத்தால் விடுவதில்லை.

பிஸ்டன், வால்வு எல்லாம் என்னவென்று புல்லட் ஓட்டுகிறவருக்குச் சொல்லத் தேவையில்லை. சூட்டின் வரவு செலவை மட்டும் சொல்கிறேன். சிலிண்டருக்குள் பெட்ரோல் எரியும்போது சூடு 2,000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். பிஸ்டனும் ஹெட்டும் அலுமினியக் கலவை. அலுமினியமோ 660 டிகிரியில் உருகிவிடும். ஆனாலும் உருகுவதில்லை. ஒவ்வொரு வெடிப்பும் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. அடுத்தது வருவதற்குள், வாங்கிய சூட்டை உலோகம் கைமாற்றிவிடுகிறது. பெட்ரோலில் உள்ள சக்தியில் சக்கரத்தைச் சுற்றப் போவது, நல்ல இன்ஜினிலேயே, மூன்றில் ஒரு பங்குதான். மற்றதெல்லாம் சூடு. அதில் ஏறத்தாழப் பாதியைச் சைலன்சர் கொண்டுபோகிறது. மீதியை வெளியே ஃபின்களை உரசிப் போகும் காற்றும், உள்ளே ஓடும் ஆயிலும் சுமக்க வேண்டும். இந்தக் கைமாற்று எங்கே தடைப்படுகிறதோ அங்கேதான் தொந்தரவு.

தொடை வேகும் புகார் மோட்டார் சைக்கிள் பிறந்த நாளிலேயே தொடங்கிவிட்டது. 1885 நவம்பரில், ஜெர்மனியில் காட்லீப் டைம்லர் செய்த மரச்சட்ட வண்டியை முதலில் ஓட்டிப் பார்த்தவர் அவருடைய மகன் பால். கான்ஸ்டாட்டிலிருந்து உன்டர்டூர்க்ஹைம் வரைக்கும் ஓட்டம். பெட்ரோலைப் பற்றவைக்கும் சூட்டுக்குழாய் சரியாக இருக்கைக்கு அடியில் இருந்தது. வழியிலேயே இருக்கையில் தீப்பிடித்துக்கொண்டது. ஒன்பது வருடம் கழித்து, முதன்முதலாக விற்பனைக்கென்று வரிசையாகத் தயாரான ஹில்டபிராண்ட் உண்ட் வோல்ஃப்முல்லர் வண்டிக்குத் தண்ணீர்க் குளிர்ச்சி கொடுத்தார்கள். அதன் தண்ணீர்த் தொட்டி பின்சக்கரத்து மட்கார்டுக்குள்ளேயே இருந்தது. சூட்டோடு மல்லுக்கட்டியது அவ்வளவு பழைய கதை.

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பாத்திரம் பின் சிலிண்டர். இரண்டு சிலிண்டரை முன்னும் பின்னுமாக வைத்துக் கட்டிய வண்டிகளில் முன் சிலிண்டருக்கு எதிர்காற்று நேராகக் கிடைக்கும். பின்னால் இருப்பதற்குக் கிடைப்பது, முன்னது சூடாக்கி அனுப்பிய காற்று. சிறுவயதில் எங்கள் வீட்டில் இருந்தது ஒரே ஒரு மேசை விசிறி. பெரியண்ணன் சட்டையைக் கழற்றிவிட்டு அதன் முன்னால் உட்கார்ந்துகொள்வார். அவர் முதுகுக்குப் பின்னால் இருந்த எனக்கு வந்ததும் காற்றுதான். ஆனால் அதை யாரும் குளிர்ச்சி என்று சொல்ல மாட்டார்கள்.

பி.எம்.டபிள்யூவின் முதல் மோட்டார் சைக்கிள் வந்ததற்கே இந்தப் பின் சிலிண்டர் ஒரு காரணம். முதல் உலகப்போர் முடிந்த பிறகு, அந்த நிறுவனம் செய்த கிடைமட்ட இரட்டைச் சிலிண்டர் இன்ஜினை வேறு வண்டிகளில் முன்னும் பின்னுமாகப் பூட்டினார்கள். பின் சிலிண்டர் காய்ந்து தொல்லை கொடுத்தது. விமான இன்ஜின் வடிவமைத்துப் பழகிய மாக்ஸ் ஃபிரிட்ஸ், புதிதாக எந்தக் குளிர்சாதனத்தையும் சேர்க்கவில்லை. இன்ஜினைக் குறுக்கே திருப்பி வைத்தார். இரண்டு சிலிண்டரும் வண்டியின் இரு பக்கமும் கை நீட்டியதுபோல் வெளியே வந்து, காற்றைச் சரிபாதியாக வாங்கிக்கொண்டன. அதுதான் 1923-இல் வந்த ஆர்32. நூறு வருடம் ஆகியும் அந்த நிறுவனம் அதே அமைப்பில் வண்டி செய்கிறது. இத்தாலியின் மோட்டோ குஸ்ஸியும் 1967-இல் வந்த வி7 முதல், வி வடிவ இன்ஜினைக் குறுக்கே வைத்து இரண்டு ஹெட்டையும் காற்றில் நீட்டிவிட்டது.

ஹார்லி டேவிட்சன் திருப்ப மறுத்த கட்சி. 45 டிகிரி வி இன்ஜின், ஒன்றின் பின் ஒன்று. அதுதான் அவர்களுடைய முகமும் சத்தமும். எனவே பின் சிலிண்டரும் அதன் புகைக்குழாயும் ஓட்டுகிறவரின் வலது தொடையை வாட்டின. அதற்கு அவர்கள் கண்டுபிடித்த வழி வேடிக்கையானது. டூரிங் வண்டி சிக்னலில் சும்மா நிற்கிறது, இன்ஜின் அளவுக்கு மேல் சூடாகியிருக்கிறது என்று கம்ப்யூட்டருக்குத் தெரிந்தால், பின் சிலிண்டருக்குப் பெட்ரோலை நிறுத்திவிடும். அந்தப் பிஸ்டன் ஏறி இறங்கிக்கொண்டேதான் இருக்கும்; எரிப்பதற்குப் பதிலாக வெறும் காற்றை உள்ளே இழுத்து வெளியே தள்ளும். அதாவது, வேலையைவிட்டு நின்ற சிலிண்டர் தனக்குத்தானே விசிறிக்கொள்கிறது! சத்தம் தட்டுத் தடுமாறுவதால் விவரம் தெரியாதவர்கள் வண்டி கெட்டுவிட்டது என்று பயந்துவிடுவார்கள். ஆக்ஸிலேட்டரைத் திருகினால் பின் சிலிண்டர் மறுபடி வேலைக்கு வந்துவிடும். பிற்பாடு 2014 முதல், பெரிய டூரிங் வண்டிகள் சிலவற்றில் ஹெட்டுக்கு மட்டும் தண்ணீர்க் குளிர்ச்சி கொடுத்தார்கள்.

ஒற்றைச் சிலிண்டர் புல்லட் வைத்திருப்பவருக்கு இந்தக் கதை எதற்கு என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது. கம்பெனிக்காரன் முன்னால் தனியாக, காற்றுக்கு நேராக நிறுத்திய சிலிண்டரை நாம் பின் சிலிண்டராக்கிவிடுகிறோம். டூர் என்று பெயர் வைத்தவுடன் கிராஷ் கார்டில் இரண்டு ஃபாக் லேம்ப். அதற்குக் கீழே மழைக்கோட்டு மூட்டை. இந்தப் பக்கம் தண்ணீர் பாட்டில், அந்தப் பக்கம் பெட்ரோல் கேன். நடுவில் கிளப் பெயர் எழுதிய பலகை. போன மழையில் அப்பிய சேறு ஃபின்களுக்கு நடுவில் காய்ந்து கிடக்கும். உலோகத்தின் சூடு காற்றைத் தொட வேண்டும் என்பதற்காகத்தான் ஃபின் என்று ஒரு அமைப்பே இருக்கிறது. சேறு நல்ல போர்வை. அதைப் போர்த்திவிட்டு காசு கொடுத்து கூலர் தேடுவது என்ன நியாயம்? ஒரு பழைய பல்துலக்கும் பிரஷ், கொஞ்சம் மண்ணெண்ணெய், ஆறிய இன்ஜின், ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை. இதுதான் நான் சொல்லும் முதல் கூலர்.

இரண்டாவது, ஆயில். நாம் ஆயிலை வழுக்குவதற்கான பொருளாகவே நினைக்கிறோம். காற்று போய்ச் சேர முடியாத பிஸ்டனின் அடிப்பக்கத்திலிருந்து சூட்டைத் தூக்கி வருவதும் அதுதான். 1985-இல் வந்த சுசுகி ஜி.எஸ்.எக்ஸ்-ஆர்750 தண்ணீரே இல்லாமல், ஹெட்டின்மேல் ஆயிலைப் பீய்ச்சியே பந்தய இன்ஜினைக் குளிர்வித்தது. இன்றைய 350 சிசி புல்லட்டிலும் காற்றோடு சேர்ந்து ஆயிலும் குளிர்விக்கிறது. அது பெரும்பாலான பைக்குகளில் கிளட்சையும் கியரையும்கூடக் கவனிக்க வேண்டிய ஒரே ஆயில். அதனால்தான் கார் ஆயிலை ஊற்றக் கூடாது என்பது. அதில் சேர்க்கும் வழுக்கல் மருந்து கிளட்சை நழுவவைக்கும். டப்பாவில் 15டபிள்யூ-50 என்று போட்டிருந்தால், பின்னால் உள்ள 50 என்பது 100 டிகிரி சூட்டில் அந்த ஆயில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதைக் காட்டுகிறது. கோடைக்கு அந்த எண்தான் முக்கியம். கையேட்டில் என்ன எண் இருக்கிறதோ அதையே ஊற்றுங்கள். அளவு குறைந்தால், மிச்சமிருக்கிற ஆயில் அதே சூட்டை அடிக்கடி சுமந்து சீக்கிரம் சோர்ந்துபோகும். இன்ஜின் பக்கவாட்டில் கண்ணாடிச் சாளரம் வைத்திருக்கிறார்கள். அதைப் பார்ப்பதற்குக் குனிவதற்கு நம்மில் பலருக்கு மனம் வருவதில்லை. சர்வீஸ் தேதியை மட்டும் நம்புகிறோம்.

மூன்றாவது, வால்வைத் தள்ளித் திறக்கும் டேப்பெட். இது என் நெடுநாள் வயிற்றெரிச்சல். “சத்தம் வருது, கொஞ்சம் டைட் பண்ணுங்க” என்று கேட்டு வாங்குகிற வழக்கம் நம்மிடம் இருக்கிறது. புகை வெளியேறும் வால்வு செக்கச் சிவக்கும் அளவுக்குக் காயக்கூடியது. அது தன் சூட்டின் பெரும்பங்கை, மூடி உட்காரும் அந்த நொடிப்பொழுதில் இருக்கையின் வழியாகத்தான் ஹெட்டுக்குக் கொடுக்கிறது. டேப்பெட்டை இறுக்கினால் வால்வு முழுதாக உட்காராது. சூட்டை இறக்கிவைக்க இடமில்லாமல் தானே கருகும். சத்தமில்லாத வண்டி என்று பெருமைப்பட்டுக்கொண்டிருக்கும்போதே வால்வு வெந்துகொண்டிருக்கும். லேசான டிக் டிக் சத்தம் நல்லது. இடைவெளியை அளக்கிற கேஜை எடுக்காமல் காதாலேயே டேப்பெட் வைப்பவரிடம் வண்டியை விடாதீர்கள்.

நான்காவது, வலது கை. காற்றைக் கிழித்துக்கொண்டு போகத் தேவையான சக்தி, வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக ஏறும். 80 கிலோமீட்டரிலிருந்து 100-க்குப் போனால் வேகம் கால் பங்குதான் கூடுகிறது. காற்றை எதிர்க்க வேண்டிய சக்தியோ ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. எரிவதும் அதற்கேற்ப. ஆனால் குளிர்விக்க வரும் காற்று அதே கால் பங்குதான் கூடுகிறது. உளுந்தூர்ப்பேட்டைக்கும் திருச்சிக்கும் நடுவில் அகலச் சாலையைக் கண்டதும் முறுக்குகிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

இனி அந்தக் குடம் தண்ணீர். ஓடி வந்து நிறுத்திய வண்டியில் காற்றும் நிற்கிறது, ஆயிலும் நிற்கிறது. ஆகவே சில நிமிடங்களுக்கு ஹெட்டின் வெளிப்புறச் சூடு இறங்காமல் ஏறும். சரியாக அந்த நேரத்தில் தண்ணீரை ஊற்றினால் பட்ட இடம் சட்டென்று சுருங்கும், படாத இடம் விரிந்தே நிற்கும். ஹெட் வளையலாம், கேஸ்கெட் ஒழுகலாம், விரிசல் விழலாம். மழையில் நனைகிறதே என்று கேட்பீர்கள். மழை துளித்துளியாக, ஓடிக் குளிர்ந்துகொண்டிருக்கும் இன்ஜின்மேல் விழுகிறது. குடத்தைக் கவிழ்ப்பது வேறு. நிறுத்துவதற்கு முந்தைய ஒரு கிலோமீட்டரை மெதுவாக ஓட்டுங்கள், நிழலில் நிறுத்துங்கள், விட்டுவிடுங்கள். ரயில்வே கேட்டிலும் நெரிசலிலும் இன்ஜினை அணையுங்கள். நின்றபடி உறுமுவதுதான் காற்றுக் குளிர்ச்சி இன்ஜினுக்கு மிகக் கொடிய தண்டனை. ரேடியேட்டர் வைத்த வண்டிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: போர் தண்ணீரை ஊற்றாதீர்கள். அதன் உப்பு உள்ளே படிந்து குழாயை அடைக்கும். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவும் கூடாது. அழுத்தத்தால்தான் அந்தத் திரவம் 100 டிகிரி தாண்டியும் கொதிக்காமல் அடங்கியிருக்கிறது. மூடியைத் திறந்தால் கை வெந்துவிடும்.

2020 ஏப்ரலில் பி.எஸ்.6 புகை விதி வந்த பிறகு வண்டிகள் கூடுதலாகக் காய்கின்றன என்பது உண்மைதான். புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் 250, 300 டிகிரி ஏறினால்தான் வேலையைத் தொடங்கும். எனவே அதை இன்ஜினுக்குப் பக்கத்திலேயே வைக்கிறார்கள். அதை அறுத்து எறிந்துவிட்டால் தொடை குளிரும் என்று சொல்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். தன் தொடைச் சூட்டை அடுத்தவர் மூக்குக்கு மாற்றிக் கொடுப்பது எனக்கு உடன்பாடில்லை. அது சட்டப்படியும் குற்றம்.

வண்டியின்மேல் இன்னொரு இன்ஜினும் உட்கார்ந்திருக்கிறது. நம் தோலின் சூடு சுமார் 35 டிகிரி. வேலூரிலும் கரூர் பரமத்தியிலும் மே மாதப் பகலில் காற்று 40-ஐத் தாண்டினால், அந்தக் காற்று உடம்பைக் குளிர்விக்காது, சூடேற்றும். அப்போது வியர்வை உலர்வது ஒன்றுதான் காப்பாற்றும். சட்டைப் பொத்தானைக் கழற்றி நெஞ்சைக் காற்றுக்குக் கொடுத்தால் வியர்வை பயன்படுவதற்குள் பறந்துவிடும். உள்ளே ஈரப் பனியன், மேலே ஜாக்கெட் என்று போவதே மேல். அதைவிட மேலானது அந்த நேரத்தில் ஓட்டாமலிருப்பது. விடியற்காலை நான்கு மணிக்குக் கிளம்பி, பதினொன்றுக்குள் எங்காவது ஒதுங்கி, வெயில் தாழ்ந்ததும் தொடரலாம். ஏற்காட்டு மலைப்பாதையை முக்கியமாகக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேர் பாரம், சின்ன கியர், குறைந்த வேகம், ஏறு முகம். எரிவது அதிகம், காற்று குறைவு.

கூலர் பற்றிக் கேட்டிருந்தீர்களே. மேலே சொன்னதையெல்லாம் செய்த பிறகும் தேவைப்பட்டால் அனுபவமுள்ள ஆளிடம் மாட்டுங்கள். தேவைப்படாது என்பது என் கணிப்பு. பயணத்துக்கு முன் எல்லாரும் வாங்க வேண்டியவற்றுக்குப் பட்டியல் போடுகிறார்கள். நீங்கள் கழற்ற வேண்டியவற்றுக்குப் போடுங்கள். கிராஷ் கார்டு மூட்டை பின்னால் போகட்டும், பலகை வீட்டில் இருக்கட்டும், சேறு தெருவுக்குப் போகட்டும். கழற்றியதெல்லாம் எத்தனை கிலோ என்று தராசில் வைத்துப் பார்த்து மறக்காமல் எனக்கு எழுதுங்கள்.