புன்னையின் சுற்றமும் மேற்கோட் கணக்கும்

விஞ்ஞானி ஒருவரின் பெருமையை அளக்க இன்று எண்கள் வந்துவிட்டன. அவர் எத்தனை கட்டுரை எழுதினார், அவற்றைப் பிறர் தம் கட்டுரைகளில் எத்தனை முறை மேற்கோளாகச் சுட்டினர் என்று கணக்கிடுகிறார்கள். யூஜின் கார்பீல்டு என்ற அமெரிக்கர் 1955இல் இதற்கு வித்திட்டார். 1964இல் மேற்கோள் அட்டவணை வெளிவரலாயிற்று. 2005இல் ஹேர்ஷ் என்ற பௌதிகப் பேராசிரியர் அக்கணக்கை ஒரே எண்ணாகச் சுருக்கினார். ஒருவருடைய கட்டுரைகளுள் பத்து, ஒவ்வொன்றும் பத்து முறையேனும் சுட்டப்பட்டிருந்தால் அவருடைய எண் 10. பதவி உயர்வும் ஆராய்ச்சிப் பணமும் பல இடங்களில் இவ்வெண்ணின் முகத்தைப் பார்த்தே கிடைக்கின்றன.

இவ்வளவுகோலை நம் நாட்டுச் சேதன இரசாயனத்தின்மீது வைத்துப் பார்க்க விரும்புகிறேன்.

நான் வாழும் ருவான்வெல்லைப் பக்கத்தில், இரசாயனம் என்றதும் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு நினைவு வருவது இறப்பர்ப் பாலை உறையவைக்கும் போமிக் அமிலமே. ஆனால் வீட்டுக் கொல்லையில் நிற்கும் கொறக்காய் மரமும் ஓர் இரசாயனச் சாலைதான். மீன்கறிக்குப் புளிப்பூட்டும் அம்மரமும் நெய்தல் நிலத்துப் புன்னையும் பழைய வகைப்பாட்டின்படி ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. (நற்றிணைப் புலவர் ஒருவர் புன்னையைத் தலைவியின் உடன்பிறந்தாளாகவே பாடியதைத் தமிழாசிரியர்கள் அறிவர்.)

இக்குடும்பத்து மரங்களைத்தான் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எம். யூ. எஸ். சுல்தான்பாவாவும் அவருடைய மாணவர்களும் ஆராய்ந்தனர். பட்டையையும் கட்டையையும் இலையையும் உலர்த்தி, இடித்து, கரைப்பான்களில் ஊறவைத்து, சேர்வைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, அவற்றின் மூலக்கூற்றுக் கட்டமைப்பைக் கண்டறிவது அவர்கள் தொழில். இலங்கைத் தாவரங்களின் இரசாயன ஆய்வு என்ற தலைப்பில், எண்ணிட்ட வரிசையாக, 1970களில் இலண்டன் இரசாயனச் சங்க வெளியீட்டில் அவர்கள் கட்டுரைகள் வந்தன. 1980இல் சுல்தான்பாவா, வெப்பவலயத் தாவரங்களின் சாந்தோன் வகைச் சேர்வைகள் அனைத்தையும் தொகுத்து, 'டெற்றாஹீட்ரன்' இதழில் நாற்பது பக்கங்களுக்கு மேற்பட்ட மீளாய்வு ஒன்றை எழுதினார். சாந்தோன்களை ஆராயப் புகுவோர் நெடுங்காலம் எடுத்தாண்ட கட்டுரை அது.

இங்கேதான் கணக்கின் முதற் கோணல். பின்வந்தவர் மீளாய்வை ஒருமுறை சுட்டிவிட்டால் போதும். அதனுள் அடங்கிய நூற்றுக்கணக்கான மூலக் கட்டுரைகளைத் தனித்தனியே சுட்ட வேண்டியதில்லை. மரப்பட்டையோடு மல்லாடிய மாணவனின் பெயர் அந்தத் தொகுப்புக்குள் மறைகிறது. இது இலங்கைக்கு மட்டும் நேர்ந்த கதியன்று. 1951இல் லோரியும் அவர் குழுவினரும் புரதத்தை அளக்கும் முறையொன்றை எழுதினர். மூன்று இலட்சம் முறைக்கு மேல் சுட்டப்பட்ட கட்டுரை அது. ஆயினும் அதனைப் பெரிய கட்டுரையென லோரியே கருதவில்லை.

இரண்டாவது கோணல் காலத்தைப் பற்றியது. 1985இல், இலங்கைக்கே உரிய ஒரு புன்னையினத்தின் இலைகளை தர்மரத்ன, சோதீஸ்வரன், தாவரவியலாளர் பாலசுப்பிரமணியம், வெயிட் ஆகிய நால்வர் ஆராய்ந்து எழுதினர். கோடாட்டோலைடு என இரண்டு புதிய கூமரின்கள் அக்கட்டுரையில் இடம்பெற்றன. எய்ட்ஸ் கிருமி இனங்காணப்பட்டு அப்போது இரண்டே ஆண்டுகள். இந்த இலைக்கும் அந்த நோய்க்கும் தொடர்பு காண எவருக்கும் காரணம் இருக்கவில்லை.

ஏழு ஆண்டுகள் கழிந்தன. சரவாக் காட்டில் 1987இல் சேகரித்த வேறொரு புன்னையினத்திலிருந்து, கிருமியின் பெருக்கத்தைத் தடுக்கும் கலனோலைடு என்ற பொருளை அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிலையத்தார் 1992இல் அறிவித்தனர். மீண்டும் இலை பறிக்கப் போனவர்கள் அம்மரம் வெட்டுண்டு கிடக்கக் கண்டனர். பிறகு சிங்கப்பூர்த் தாவரவியற் பூங்காவில் அதே இனத்து மரம் கிடைத்தது.

கலனோலைடின் உருவத்தைப் பார்த்தவர்களுக்குப் பேராதனை இலை நினைவுக்கு வந்தது. ஓரிடத்தில் மூன்று காபன் அணுக்கள் கொண்ட கிளைக்குப் பதில் ஒரே காபன். மற்றபடி இரண்டும் ஏறத்தாழ ஒரே அச்சு. 1998இல் தர்மரத்னவும் பிறரும் கோடாட்டோலைடுகளைச் சோதித்து, அவையும் கிருமியின் இன்றியமையா நொதியொன்றைத் தடுப்பதாக எழுதினர். 1985ஆம் ஆண்டுக் கட்டுரைக்குப் புதிய வாசகர் கூட்டம் கிடைத்தது. அதில் ஓர் எழுத்தும் மாறவில்லை. உலகத்தின் கேள்விதான் மாறியிருந்தது.

1991இல் ஒருவர் இந்நால்வரையும் மேற்கோட் கணக்கால் எடைபோட்டிருந்தால் என்ன தீர்ப்புக் கூறியிருப்பார்? கணக்கு பிழையன்று, அன்று எவர் கவனித்தார் என்பதை அது உண்மையாகவே சொல்லியிருக்கும். ஆனால் கவனத்தின் அளவைத் தகுதியின் அளவென்று வாசிப்பவர்கள்தாம் பதவி கொடுக்கும் நாற்காலிகளில் பெரும்பாலும் அமர்ந்திருக்கிறார்கள். சிறிய நாட்டில், சிறிய ஆய்வுகூடத்தில், தன் நாட்டு மரத்தைத் தவிர வேறெங்கும் இல்லாத ஒன்றை ஆராய்பவனுக்கு இந்த வாசிப்பு பெருங்கேடு. அவனுக்கு மேற்கோள் வரவேண்டுமானால், வேறொரு நாட்டில் அதன் உறவு மரமொன்று முதலில் புகழ்பெற வேண்டியிருக்கிறது.

கலனோலைடு மனிதரில் சோதிக்கும் கட்டம் வரை சென்றது. மருந்துக்கடைக்கு வந்து சேரவில்லை. கோடாட்டோலைடு அவ்வளவு தூரமும் செல்லவில்லை.