உங்களுக்குத் தெரியுமா? நீலகிரி ஆட்டிலும் மெரினோ ரத்தம்!

நீலகிரியின் அவலாஞ்சியில் ஜனவரி விடியலில் புல்வெளி உறைபனியால் வெளுத்துக் கிடக்கும். அந்தக் குளிருக்கு இப்போது பலரும் தேடுவது மெரினோ கலந்த தெர்மல் பனியன். மெரினோ இந்த மலைக்குப் புதிதல்ல. 19ஆம் நூற்றாண்டில் கோயம்புத்தூர் ஆட்டோடு டாஸ்மேனிய மெரினோ, செவியட், சவுத்டவுன் இனங்களைச் சேர்த்ததில் உருவானதுதான் நம் ‘நீலகிரி’ செம்மறி. ஊட்டி அருகே சாண்டிநல்லா செம்மறி ஆராய்ச்சி நிலையத்தில் இன்றும் இதை வளர்க்கிறார்கள்.

குளிருக்கு ஏன் மெரினோ? கம்பளி தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை இழைக்குள்ளேயே வாங்கிக்கொள்ளும். வாங்கும்போது சிறிது வெப்பத்தையும் வெளிவிடும். பருத்தி பனியன் அப்படியல்ல. மலையேற்றத்தில் வியர்வையைக் குடித்துவிட்டு, நாம் நின்றதும் முதுகில் சில்லென்று ஒட்டிக்கொள்ளும்! மெல்லிய மெரினோ மட்டும் என்றால், பையின் வார் உரசும் தோளில் சீக்கிரம் நைந்துபோகும். அதனால்தான் நைலானோ பாலியஸ்டரோ கலக்கிறார்கள். துவைத்தால் காய்வதும் வேகம்.

ஆனால் தெர்மல் மழையைத் தடுக்காது. 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டிய ஊர் அவலாஞ்சி. மழைக்கோட்டை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.