பல மாதிரிகளை இணைக்கும் புள்ளியியல் இயந்திர மொழிபெயர்ப்பில் குறிவிலக்க வேகம்

திறவுச்சொற்கள்: இயந்திர மொழிபெயர்ப்பு, குறிவிலக்கம், சொற்றொடர் அட்டவணை, மொழி மாதிரி, உருபன் பிரிப்பு

முன்னுரை

திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவெறும்பூரில் குன்றின்மேல் எறும்பீசுவரர் கோயில் உள்ளது. அவ்வட்டாரத்திலேயே பாரத மிகுமின் நிறுவனத்தின் கொதிகலன் ஆலையும் இயங்குகிறது. ‘டிரம்’ என்னும் ஆங்கிலச் சொல் கோயில் பற்றிய உரையில் முரசையும், கொதிகலன் பற்றிய உரையில் நீரிலிருந்து நீராவியைப் பிரிக்கும் உருளைக் கலனையும் குறிக்கும். இவ்விரு வகை உரைகளையும் ஒரே பொறி மொழிபெயர்க்க வேண்டுமாயின், வெவ்வேறு துறைத் தரவுகளில் பயின்ற மாதிரிகளை இணைக்க நேர்கிறது. அவ்விணைப்பு எந்தக் கட்டத்தில் நிகழ்கிறது என்பதே குறிவிலக்க வேகத்தைப் பெரிதும் தீர்மானிக்கிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

தரவுப் பின்னணி

பிராகா நகரின் சார்லசு பல்கலைக்கழகத்தில் லோகநாதன் இராமசாமி உள்ளிட்டோர் உருவாக்கிய ‘என்டாம்’ ஆங்கில - தமிழ் இணைத் தரவகத்தில் ஏறத்தாழ 1,70,000 வாக்கிய இணைகள் உள்ளன. செய்தி, திரைப்படம், விவிலியம் என்பன அதன் மூன்று பிரிவுகள். செய்தியே மூன்றில் இரு பங்களவு. கொதிகலன் போன்ற தொழில்நுட்பத் துறைக்குத் தனிப் பிரிவு இல்லை. ஆகவே, சிறிய துறைத் தரவைப் பெரிய பொதுத் தரவுடன் இணைப்பது தமிழாய்வாளர்க்கு நடைமுறைத் தேவையாகிறது.

குறிவிலக்கம் நடைபெறும் முறை

2007இல் வெளிவந்த ‘மோசசு’ போன்ற சொற்றொடர்வழிக் குறிவிலக்கிகள், மொழிபெயர்த்து முடித்த மூலச்சொற்களின் எண்ணிக்கைப்படி கருதுகோள்களை அடுக்குகளில் வைத்து விரிக்கின்றன. சொல் இடமாற்ற எல்லை நிலையாக இருந்தால், எளிய அடுக்குத் தேடலின் நேரம் அடுக்கின் கொள்ளளவு, ஒவ்வொரு தொடருக்கும் உரிய மொழிபெயர்ப்புத் தெரிவுகள், வாக்கிய நீளம் ஆகியவற்றின் பெருக்கத்தைச் சார்ந்து வளரும்.

இணைப்பின் இரு நிலைகள்

முதல் நிலையில், குறிவிலக்கத்திற்கு முன்பே அட்டவணைகளின் நிகழ்தகவுகளை எடையிட்டுக் கூட்டி ஒரே அட்டவணையாக்கலாம். ஒரு மாதிரியில் மட்டும் காணப்படும் ‘உருளைக் கலன்’ என்னும் தெரிவு எடை குறைந்தேனும் நிலைத்திருக்கும். நினைவகத் தேவை கூடினும், ஒரு தொடருக்கு 20 தெரிவுகள் என்னும் வரம்பு மாறாமையால் தேடல் நேரம் பெரிதாகக் கூடாது. ஆனால் துறை மாறுந்தோறும் எடைகளை மாற்றி அட்டவணையை மீண்டும் கட்டவேண்டும்.

இரண்டாம் நிலையில், மாதிரிகள் தனித்தனியே நின்று குறிவிலக்கத்தின்போது மடக்கை நேரியல் முறையில் இணைகின்றன. மூன்று அட்டவணைகளை மாற்றுப் பாதைகளாக வைத்தால், ஒரு தொடருக்கு 20 தெரிவுகள் என்பது 60 வரை உயரலாம். மொழி மாதிரிகள் பலவாயின், ஒவ்வொரு விரிவாக்கத்திலும் ஒவ்வொன்றையும் வினவவேண்டும். மேலும், எல்லா மாதிரிகளின் நிலைகளும் ஒத்திருந்தால் மட்டுமே இரு கருதுகோள்கள் ஒன்றாக மடிய இயலும்; எனவே தேடல்வெளி சுருங்கும் வாய்ப்புக் குறைகிறது.

கனசதுரக் கத்தரிப்பு விரிவாக்கங்களின் எண்ணிக்கைக்கு வரம்பிட்டு நேரத்தைக் கட்டுப்படுத்தும். ஆயினும், தெரிவுகள் பெருகியும் வரம்பு உயராதபோது நல்ல மொழிபெயர்ப்பு எட்டப்படாமலே வெட்டுப்படக்கூடும். நேரமாகத் தெரியவேண்டிய செலவு இங்கே தேடல் பிழையாக மறைந்துகொள்கிறது.

தமிழின் உருபனியல்

‘கொதிகலன்களிலிருந்து’ என்னும் ஒரு சொல், உருபன் பிரிப்பில் கொதிகலன் + கள் + இல் + இருந்து என நான்கு அலகுகளாகும். தமிழ் மூலமொழியாயின் வாக்கியம் நீண்டு அடுக்குகள் கூடும். தமிழ் இலக்குமொழியாயின், மூன்று சொற்களை நோக்கிய மும்மை மொழி மாதிரி இப்போது ஒரு சொல்லையேனும் முழுமையாகக் காணாது. உயர்வரிசை மாதிரி தேவைப்படும். பல மாதிரி இணைப்பும் உருபன் பிரிப்பும் சேரும்போது சுமை ஒன்றன்மேல் ஒன்றாக ஏறுகிறது.

முடிவுரை

தரத்தைக் காட்டும் ‘பிளூ’ மதிப்பை மட்டும் தரும் ஆய்வுகள் இச்செலவை வெளிப்படுத்துவதில்லை. அடுக்கின் கொள்ளளவு, தெரிவு வரம்பு, கத்தரிப்பு வரம்பு, கணினியின் திறன் ஆகியவற்றைக் குறிப்பிடாமல் கூறும் வேகமும் ஒப்பீட்டிற்கு உதவாது. துறை நிலையாக இருப்பின் முன்னிணைப்பையும், துறை அடிக்கடி மாறுமாயின் குறிவிலக்க நேர இணைப்பையும் தேர்வது பொருத்தம். நரம்பிணைய மொழிபெயர்ப்பிலும், கூட்டு மாதிரிகள் ஒவ்வொரு சொல்லலகிற்கும் தனித்தனியே இயங்கவேண்டியிருப்பதால், இவ்வினா இன்றும் தன் பொருத்தத்தை இழக்கவில்லை. குறைந்த கணினி வளத்துடன் பணிபுரியும் தமிழ்த்துறைகளுக்கு வேகமும் தரத்தோடு ஒப்பவைத்து அளக்கப்படவேண்டிய ஆய்வு முடிவேயாகும்.