சிறைக்குப் போன ஆட்டம்!

ஆடியதற்காக ஒருவரைப் பிடித்துச் சிறையில் போட முடியுமா?

முடியும். பிரேசில் நாட்டில் போட்டார்கள்!

1890-ம் ஆண்டு அங்கே ஒரு சட்டம் வந்தது. தெருவில் "கபோயெரா" ஆடினால் 2 மாதம் முதல் 6 மாதம் வரை சிறை! அதே ஆட்டத்தை இன்று பல நாடுகளில் தேகப்பயிற்சியாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள். பணம் கட்டிக் கற்றுக்கொள்கிறார்கள்.

கபோயெரா என்பது நடனமா, சண்டையா, விளையாட்டா? மூன்றும்தான்.

அடிமைகள் வளர்த்தது

ஆப்பிரிக்க மக்களை லட்சக்கணக்கில் பிடித்துக் கப்பலில் ஏற்றிப் பிரேசிலுக்குக் கொண்டுபோனார்கள். கரும்புத் தோட்டத்தில் அடிமை வேலை. அவர்களிடம் ஆயுதம் ஏது? உடம்புதான் ஆயுதம். அவர்களும் அவர்கள் பிள்ளைகளும் வளர்த்த ஆட்டம் இது. எசமானர் கண்ணுக்கு நடனமாகத் தெரியவேண்டும் என்றே சண்டையைத் தாளத்துக்குள் ஒளித்தார்கள் என்று ஒரு கதை சொல்வார்கள். கதை எப்படியோ, தாளம் இன்றும் இருக்கிறது.

1888-ல் அடிமை முறை ஒழிந்தது. இரண்டே ஆண்டில் ஆட்டத்துக்குத் தடை! ரியோ நகரின் தெருக் கும்பல்கள் இதை வைத்துச் சண்டை போட்டதால் அரசுக்குப் பயம்.

அந்தக் கெட்ட பெயரைப் போக்கியவர் பிம்பா வாத்தியார். சால்வடோர் நகரில் 1932-ல் பள்ளி தொடங்கினார். 1937-ல் அரசு அனுமதி கிடைத்தது. 1953-ல் நாட்டின் ஜனாதிபதி வர்காஸ் முன்னிலையிலேயே தம் மாணவர்களுடன் ஆடிக்காட்டினார்! 2014-ல் யுனெஸ்கோ இந்த ஆட்டத்தை மனித குலத்தின் கலைச் செல்வங்களில் ஒன்றாகச் சேர்த்தது.

மேலே படக்கூடாது!

எல்லோரும் வட்டமாக நிற்பார்கள். ஒருவர் வில் போன்ற வாத்தியத்தைக் குச்சியால் தட்டுவார். ஒற்றைக் கம்பி, கீழே ஒரு சுரைக்குடுக்கை. பெயர் பெரிம்பாவ். மற்றவர்கள் கைதட்டிப் பாடுவார்கள். இருவர் நடுவே இறங்குவார்கள். ஒருவர் காலை வீசுவார். மற்றவர் குனிவார், தரையில் கை ஊன்றிச் சக்கரம்போல் புரள்வார். அடிப்பது பெரிதல்ல. மயிரிழையில் காலை நிறுத்திச் சிரிப்பதுதான் கெட்டிக்காரத்தனம்.

இதனால் நமக்கு என்ன?

தண்டால், பஸ்கி நல்ல பயிற்சிகள்தான். ஆனால் பத்து நாளில் பலர் விட்டுவிடுகிறார்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே செய்தால் அலுக்காதா? மேலும், பஸ்கியில் உடம்பு மேலும் கீழும்தான் போகிறது. ஓடுகிற பஸ்ஸில் டிரைவர் சட்டென்று பிரேக் போட்டால், நம்மைத் தாங்குவது முன்னும் பின்னும் பக்கத்திலும் எட்டி ஊன்றும் கால். அந்தக் காலுக்குப் பழக்கம் வேண்டும்.

பெரியவர்கள் வாரத்துக்கு 150 நிமிடமாவது உடலை அசைக்கவேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 65 வயதைத் தாண்டியவர்கள், தடுமாறி விழாமல் இருக்க, வாரம் 3 நாளாவது நிலைதடுமாறாமல் நிற்கும் பயிற்சியும் செய்யவேண்டும் என்கிறது. தூணையோ நாற்காலியையோ பிடித்துக்கொண்டு மெதுவாக ஆடினாலும் போதும்.

தரையில் ஒரு முக்கோணம்

கபோயெராவின் உயிர் "ஜிங்கா" என்னும் அடவு. பிம்பா வாத்தியார் புதிய மாணவரின் இரு கைகளையும் பிடித்துக்கொண்டு இதைப் பழக்குவாராம். வீட்டிலும் அப்படியே செய்யலாம்.

சாக்கட்டியால் தரையில் ஒரு முக்கோணம் போடுங்கள். முன்பக்க இரு முனைகளில் இரு கால்கள். முழங்காலைச் சற்று மடக்குங்கள். வலது காலைப் பின் முனைக்குக் கொண்டுபோங்கள். அப்போது வலது கை மடங்கி முகத்துக்கு முன்னே வரவேண்டும். கால் பழைய இடத்துக்குத் திரும்பட்டும். அடுத்து இடது கால், இடது கை. இவ்வளவுதான்! தாளத்துக்கு ஏற்ற எந்தப் பாட்டும் சரி. ஒரு பாட்டு முடிவதற்குள் தொடை சூடேறிவிடும்.

பழகியபின் அண்ணனும் தங்கையும் எதிரெதிரே நின்று ஆடலாம். ஒருவர் கையை மெல்ல வீச, மற்றவர் தாளம் தப்பாமல் குனியவேண்டும். தொட்டவர் தோற்றவர்! தண்டாலையும் விடவேண்டாம். பத்துத் தண்டால், ஒரு பாட்டு, மறுபடி பத்துத் தண்டால் என்று கலந்து செய்யுங்கள். அப்பாவையும் இழுத்துவிடுங்கள், பத்திரிகையைக் கீழே வைத்துவிட்டு வரட்டும்!

காலை வீசுவதும் தலைகீழாகப் புரள்வதும் வாத்தியார் இல்லாமல் கூடாது. முழங்கால் வலி, இருதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்டுக்கொள்ளவேண்டும். ஈரத் தரை ஆகாது. வழவழப்பான தரையில் காலுறை போட்டு ஆடவும் கூடாது. ஆடி முடித்ததும் பொத்தென்று உட்காராமல், மூச்சு சீராகும்வரை வீட்டுக்குள்ளேயே நாலு நடை நடந்துவிட்டுத் தண்ணீர் குடியுங்கள்.