உஷார்! கண்ணைப் பறிக்குதா மஞ்சள்?

திருக்கழுக்குன்றத்தில் வாங்கினாலும் செங்கல்பட்டில் வாங்கினாலும் சரி, விரலி மஞ்சள் புதுப் பெயின்ட் அடித்ததுபோல் மின்னினால் கையை எடுத்துவிடுங்கள். அது பெயின்ட்டாகவே இருக்கலாம்!

மண்ணிலிருந்து வரும் மஞ்சளுக்குப் பளபளப்பு கிடையாது. வேகவைத்து, காயவைத்து, உருளையில் போட்டுச் சுழற்றிப் பாலிஷ் செய்வார்கள். அந்தக் கட்டத்தில்தான் லெட் குரோமேட் உள்ளே நுழைகிறது. ஈயமும் குரோமியமும் சேர்ந்த மஞ்சள் நிறமி அது. மங்கிப்போன சரக்கும் முதல் தரமாகிவிடும். (பொங்கலுக்குக் கொத்தோடு வாங்கும் பச்சை மஞ்சளுக்குப் பாலிஷும் இல்லை, இந்தப் பயமும் இல்லை.)

வங்கதேசத்தில் 1980களில் வெள்ளத்தில் நனைந்து கறுத்த மஞ்சளைத் தேற்ற ஆரம்பித்த பழக்கம் இது. 2019-ல் அங்கே சந்தை மாதிரிகளில் 47 சதவீதத்தில் ஈயம். அதிகாரிகள் கைத்துப்பாக்கி போன்ற எக்ஸ்ரே கருவியோடு டாக்கா மொத்தச் சந்தையில் இறங்கினார்கள். எக்ஸ்ரே பட்டால் ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய ஆற்றலில் எக்ஸ்ரேயைத் திருப்பி உமிழும். ஈயமும் குரோமியமும் ஜோடியாகத் தலைகாட்டினால் குட்டு வெளிப்பட்டுவிடும். 2021-ல் அந்த 47 பூஜ்யமானது.

கருவியை இயக்குபவருக்கும் விஷயம் தெரிந்திருக்க வேண்டும். 10.5 கிலோ எலக்ட்ரான் வோல்ட் அருகே ஈயத்தின் கோடும் ஆர்செனிக்கின் கோடும் ஒன்றன்மேல் ஒன்று விழும். 12.6-ல் இருக்கும் ஈயத்தின் அடுத்த கோட்டையும் பார்க்காமல் தீர்ப்பு சொல்லக் கூடாது.

அது அவர்கள் ஊர்க் கதை என்று இருந்துவிடாதீர்கள். இந்தியா, பாகிஸ்தான், நேபாளம், இலங்கையின் 23 நகரங்களில் எடுத்த மாதிரிகளில் சுமார் 14 சதவீதத்தில் ஈயம் இருந்ததாக 2024-ல் ஆய்வு வெளியானது. பாட்னா மாதிரி ஒன்றில் கிலோவுக்கு 2,000 மில்லிகிராமுக்கு மேல். நம் சட்டம் அனுமதிப்பது 10!

குரோமியமும் நமக்கு அந்நியமில்லை. வாயலூரில் கடலைச் சேரும் நம் பாலாறு ராணிப்பேட்டையைத் தாண்டித்தான் வருகிறது. அங்கே மூடிக்கிடக்கும் குரோமேட் ஆலை விட்டுப்போன லட்சம் டன்னுக்கு மேற்பட்ட கழிவில் மழை பெய்தால் வடிவதும் மஞ்சள் தண்ணீர்தான்.

வீட்டில் ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் முழு மஞ்சளைப் போடுங்கள். உடனே சாயம் இறங்கினால் சமையலறைக்குள் விடாதீர்கள். கொதிக்கவைத்தால் ஈயம் போகாது. குழந்தைகளின் மூளையைத்தான் முதலில் பதம் பார்க்கும். சாயம் இறங்காவிட்டாலும் கொஞ்சம் ஈயம் ஒளிந்திருக்கலாம், அது கண்ணுக்குச் சிக்காது. 2006-ம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40-ம் பிரிவுப்படி வாங்கியவரே கட்டணம் கட்டி ஆய்வுக்கு அனுப்பலாம். கலப்படம் உறுதியானால் பணம் திரும்பும். ஆனால், ஆய்வுக்குத்தான் வாங்குகிறேன் என்று கடைக்காரரிடம் வாங்கும்போதே சொல்லிவிட வேண்டும். அவர் முகம் எப்படிப் போகிறது என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.