மொட்டை மாடியில் ஒரு வானாராய்ச்சி

திருவனந்தபுரம் பாளையத்துக்கு அருகே உள்ள உயரமான குன்றுக்கு ‘அப்சர்வேட்டரி ஹில்’ என்று பெயர். அதன் மீதுள்ள வானாராய்ச்சி நிலையத்தை 1837-இல் நிறுவியவர், சங்கீதத்துக்குப் பேர்போன சுவாதித் திருநாள் மகாராஜா.

நிலையத்தின் முதல் டைரக்டர் ஜான் கால்டிகாட், ஆலப்புழைத் துறைமுகத்தில் திருவிதாங்கூர் சர்க்காரின் வியாபார ஏஜெண்டாக உத்தியோகம் பார்த்தவர். சரக்கும் கணக்கும் அவருடைய பிழைப்பு. சொந்தக் கருவிகளைக் கொண்டு வானத்தைப் பார்ப்பது அவருடைய ஆசை. அந்த ஆசையே அவரைக் குன்றின்மேல் ஏற்றியது.

பிழைப்புக்காக ஊர் விட்டு வந்து ஒற்றை அறையில் குடியிருப்பவருக்கும் வானம் பொதுச் சொத்துதான். மொட்டை மாடியும் ஏழு மடங்கு பெரிதாகக் காட்டும் பைனாகுலரும் போதும். பௌர்ணமி நிலவு கண்ணுக்கு அழகு. ஆனால் அன்று சூரிய ஒளி நேராக விழுவதால் நிழல் இராது, பள்ளங்கள் எடுப்பாகத் தெரியா. அமாவாசை கழிந்த ஏழாம், எட்டாம் நாள் பாருங்கள். ஒளியும் இருளும் சந்திக்கும் ஓரத்தில் மலைகளும் பள்ளங்களும் பளிச்சென்று தெரியும்.

முழங்கையைக் கைப்பிடிச் சுவரில் ஊன்றிக்கொண்டால், 1610-இல் கலிலியோ கண்ட வியாழனின் நிலவுகளும் புள்ளிகளாகத் தென்படும். சனியின் வளையத்துக்கு மட்டும் சிறு தொலைநோக்கி வேண்டும்.

ஒரே எச்சரிக்கை: கருவியால் சூரியனைப் பார்க்கவே கூடாது. கண் போய்விடும்.

அரை நிலவன்று ஊரிலுள்ள பிள்ளைகளையும் போனில் கூப்பிட்டு மாடிக்கு வரச் சொல்லுங்கள். இங்கே தெரியும் அதே நிலவுதான் அங்கேயும்.