பாஸ்கா: ஒரு சொல், இரண்டு பண்டிகைகள்

ஈஸ்டர் இரவுத் திருப்பலியில் செங்கடல் பிளந்த கதை வாசிக்கப்படுவது ஏன்? இயேசு உயிர்த்தெழுந்ததைக் கொண்டாடும் இரவில் மோசேயின் கதைக்கு என்ன வேலை? கத்தோலிக்க வழிபாட்டில் அன்று மற்ற பழைய ஏற்பாட்டு வாசகங்கள் சிலவற்றைக் குறைத்துக்கொள்ளலாம். இதை மட்டும் விடக்கூடாது என்பது விதி.

விடை ‘பாஸ்கா’ என்ற சொல்லிலேயே இருக்கிறது. ‘பெசாக்’ என்ற எபிரேயச் சொல்லின் வழிவந்தது அது. எகிப்தில் அடிமைகளாக இருந்த இஸ்ரயேலர் ஆட்டுக்குட்டியின் இரத்தத்தைத் தங்கள் வீட்டு நிலைக்கால்களில் பூச, சாவு அந்த வீடுகளைக் கடந்து சென்றது என்கிறது விவிலியம். புறப்பட்ட அவசரத்தில் மாவு புளிக்கவும் நேரமில்லை.

அதன் நினைவாக யூதர்கள் பெசாக் நாள்களில் ‘மட்சா’ எனும் புளிப்பில்லா ரொட்டியையே உண்கின்றனர். மாவில் தண்ணீர் பட்ட 18 நிமிடங்களுக்குள் அதைச் சுட்டெடுத்துவிட வேண்டும். பண்டிகைக்கு முன் மூலைமுடுக்கெல்லாம் தேடிப் புளித்த மாவுப் பண்டங்களை அகற்றுவார்கள். போகிக்கு வீட்டைக் கழுவித் துடைக்கும் தமிழர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. முதல் இரவு விருந்தில், இந்த இரவு ஏன் மாறுபட்டது என்று வீட்டின் இளைய பிள்ளை கேட்கும். பெரியவர்கள் விடுதலைக் கதையைச் சொல்வார்கள். தட்டில் இருக்கும் கசப்புக் கீரை அடிமை வாழ்வையும், உப்புநீர் அன்றைய கண்ணீரையும் குறிக்கும்.

இயேசுவும் யூதர்தான். மத்தேயு, மாற்கு, லூக்கா நற்செய்திகளின்படி அவரது இறுதி இராவுணவு பாஸ்கா விருந்தே. யோவானோ, பாஸ்காவுக்கு ஆயத்தம் செய்யும் நாளில், அதாவது ஆட்டுக்குட்டிகளைப் பலியிடும் நாளில், அவர் சிலுவையில் அறையப்பட்டதாக எழுதுகிறார். கிறிஸ்தவர்கள் அவரையே பாஸ்கா ஆட்டுக்குட்டி என்கின்றனர். எகிப்திலிருந்து கிடைத்த விடுதலை, அவர்களுக்குப் பாவத்திலிருந்தும் சாவிலிருந்தும் கிடைக்கும் விடுதலையானது.

325இல் நைசியா சங்கம் ஈஸ்டர் தேதியை யூத நாட்காட்டியிலிருந்து பிரித்தது. பெரும்பாலும் இரண்டும் அருகருகே வரும். 2024இல் ஈஸ்டர் மார்ச் 31. பெசாக் தொடங்கியதோ ஏப்ரல் 22 மாலை.

இவ்வளவு நெருக்கம் இருந்தும் புனித வாரம் ஐரோப்பிய யூதர்களுக்குப் பல நூற்றாண்டுகள் அச்சத்தின் வாரமாகவே இருந்தது. இயேசுவைக் கொன்ற பழி முழு இனத்தின்மீதும் சுமத்தப்பட்டது. ஈஸ்டருக்கு முந்திய மூன்று நாள்கள் யூதர்கள் வெளியில் நடமாட 1215இல் லாத்தரன் சங்கம் தடை விதித்தது. 1903இல் அன்றைய ரஷ்யப் பேரரசின் கிஷினேவ் நகரில் யூதர்களுக்கு எதிரான வன்முறை தொடங்கியது ஈஸ்டர் ஞாயிறன்றுதான். ஏறக்குறைய 50 யூதர்கள் கொல்லப்பட்டனர்.

புனித வெள்ளி மன்றாட்டில் யூதர்களை இழிவாகக் குறித்த சொல்லைத் திருத்தந்தை 23ஆம் யோவான் 1959இல் நீக்கினார். இயேசுவின் சாவுக்கான பழியை அன்றைய யூதர் எல்லார்மீதோ இன்றைய யூதர்மீதோ சுமத்த முடியாது என்று 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் அறிவித்தது.

இப்போது சில தேவாலயங்கள் பெசாக் விருந்தைத் தாங்களே நடத்துகின்றன. யூதர்கள் பலர் இதை விரும்புவதில்லை. அவர்களது தயக்கம் நியாயமானதே. விருந்தின் இன்றைய முறை, 70ஆம் ஆண்டில் எருசலேம் ஆலயம் இடிக்கப்பட்ட பிறகு யூதர்கள் வளர்த்தெடுத்தது. யூதர் அழைத்து அவர் வீட்டில் விருந்தாளியாக அமர்வது வேறு.